ஏசிக்கு முன்னால் கூரையைப் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. ஊரில் பாடசாலைக்கு உதவி செய்யும் எல்லோரும், குறிப்பாக பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் பழைய மாணவர் சங்கத்திலும் இருக்கிறவர்கள், பொறுமையாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கச்சான் காற்று தொடங்கினால் எங்கள் வகுப்பறைகளில் என்ன நடக்கிறது என்பது ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். வெளியில் இருக்கும் உங்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. கூட்டத்துக்கு வருகிறவர்கள் அஸருக்குப் பிறகுதான் வருகிறீர்கள். ஒருநாள் பகல் பதினொன்றரை மணிக்கு வாருங்கள். தகரச் சீற் போட்ட வகுப்பறையில் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். தலைக்கு மேலே ஒரு அடுப்பு இருப்பது போல உச்சந்தலை காயும். பேன் சுற்றும், ஆனால் சுற்றுவது சுடுகாற்று. கொப்பியில் பிள்ளையின் முழங்கை பட்ட இடம் நனைந்து மை பரவியிருக்கும். ஏழாம் பாடவேளையில் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியரிடம் கேளுங்கள், அவர் படிப்பிப்பது பாதி, பிள்ளைகளை விழித்திருக்க வைப்பது மீதி.

2024 இன் முற்பகுதியில் வெயில் கடுமையானபோது, பிள்ளைகளை வெளியில் விளையாட்டுகளில் ஈடுபடுத்த வேண்டாம் என்று கல்வி அமைச்சு அறிவுறுத்தியது. நல்ல அறிவுறுத்தல். நாங்களும் உள்ளே வைத்தோம். ஆனால் உண்மையைச் சொன்னால், தகரக் கூரைக்குக் கீழே இருப்பதை விட முற்றத்து வேப்பமரத்துக்குக் கீழே இருப்பது குளிர்ச்சி. வெயிலிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து, வெயிலைப் பிடித்து வைத்திருக்கும் பெட்டிக்குள் பிள்ளைகளை அடைத்தோம்.

இது வெறும் சௌகரியப் பிரச்சினை இல்லை. அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு கோடி மாணவர்களின் பரீட்சைப் புள்ளிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2020 இல் வெளியானது. ஏசி இல்லாத பாடசாலைகளில், அந்த வருடத்தின் சராசரி வெப்பம் ஒரு பாகை பாரன்ஹைட் கூடினால், பிள்ளைகள் அந்த வருடம் கற்கும் அளவு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று குறைகிறது என்று கண்டார்கள். அதிலும் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே பாதிப்பு அதிகம். பணக்காரப் பிள்ளைக்கு வீட்டிலும் ரியூஷனிலும் ஏசி இருக்கும். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு வீட்டிலும் தகரம், வகுப்பிலும் தகரம். பிறகு பெறுபேறு வந்ததும் "பிள்ளைகள் படிக்கவில்லை" என்று பேசுகிறோம்.

இப்போது ஊரில் எல்லோரும் சொல்லும் மருந்து ஏசி. "ஒரு வகுப்புக்காவது ஏசி போட்டுத் தருவோம்" என்று நல்ல மனதோடு கேட்கிறார்கள். அந்த மனதுக்கு அல்லாஹ் கூலி கொடுப்பான். ஆனால் நாங்கள் சொல்ல வருவது, ஏசிக்கு முன்னால் கூரையைப் பாருங்கள் என்பதுதான்.

காரணத்தை மீன் விற்க வரும் காக்காவின் சைக்கிளில் இருந்தே தொடங்குவோம். அவருடைய பெட்டி வெள்ளை ரெஜிபோம். வாழைச்சேனையில் காலையில் ஐஸ் போட்டு ஏற்றியது, பகல் வெயிலில் தெருத்தெருவாகச் சுற்றிய பிறகும் மீனுக்கு மேலே ஐஸ் இருக்கும். அந்தப் பெட்டியில் கரண்ட் இல்லை, இயந்திரம் இல்லை. ரெஜிபோமில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்று. சின்னச் சின்ன மணிகளுக்குள் அசையாமல் பூட்டி வைத்த காற்று. அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் படுசோம்பேறி. வெளி வெப்பம் உள்ளே வர நேரம் எடுக்கிறது, அதனால் ஐஸ் தப்பிக்கிறது.

மீனுக்குக் கொடுக்கும் மரியாதையை நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. இதுதான் இந்தப் பதிவின் சுருக்கம்.

குளிர் நாடுகளில் வீட்டுக் கூரைச் சரிவுக்குக் கீழே இந்த நுரைப் பலகைகளை அடிப்பது சாதாரண வேலை. அங்கே உள்ளிருக்கும் சூடு வெளியே போகக் கூடாது என்பதற்காக. நமக்கு வெளிச் சூடு உள்ளே வரக் கூடாது. திசைதான் மாறுகிறது, வேலை ஒன்றுதான்.

கணக்கும் பார்ப்போம். கச்சான் காலத்துப் பகலில் தகரச் சீற் அறுபது பாகை செல்சியஸ் தாண்டிச் சுடும். தகரம் வெப்பத்தைத் தடுக்கவே தடுக்காது, மேலே வாங்கியதை அப்படியே கீழே கதிராக வீசும். அதனால்தான் பேனுக்குக் கீழே இருந்தாலும் உச்சி காய்கிறது. பேன் காற்றைத்தான் தள்ளும், கதிரைத் தள்ளாது. அந்தத் தகரத்துக்குக் கீழே ஒரு அங்குல ரெஜிபோம் பலகை ஒன்றை இடைவெளியில்லாமல் பரப்பினால், இறங்கும் வெப்பம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். இரண்டு அங்குலம் போட்டால் ஒன்பதில் ஒரு பங்கு. கவனியுங்கள்: முதல் அங்குலம்தான் பெரிய வேலையைச் செய்கிறது. ஆகவே ஒரு வகுப்புக்குத் தடித்த பலகை போடுவதை விட, அதே காசில் இரண்டு வகுப்புக்கு மெல்லிய பலகை போடுவதே நமக்கு இலாபம்.

ஏசியோடு ஒப்பிடுவோம். வழமையான பன்னிரண்டாயிரம் பிடியூ ஏசி ஒன்று இழுக்கும் கரண்ட், ஏறத்தாழ பதினைந்து பேன்களுக்குச் சமம். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்புக்கு ஒன்று போதாது. தகரக் கூரைக்குக் கீழே, யன்னலுக்குப் பதிலாகக் கம்பி வலை இருக்கும் அறையில் ஏசி போடுவது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது போல. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 கூடியது, 2023 பெப்ரவரியில் இன்னும் 66 கூடியது. பள்ளிவாசல்களுக்கு வந்த பில்லைப் பார்த்து நிர்வாகிகள் தலையில் கை வைத்ததை நாம் மறக்கவில்லை. பிறகு குறைத்தார்கள்தான், ஆனால் அடுத்த முறை எப்போது கூடும் என்று யாருக்குத் தெரியும்? ஏசி கொடுத்தவர் ஒருநாள் கொடுத்துவிட்டுப் போவார். பில் மாதாமாதம் வரும். பலகைக்குப் பில் வராது.

"நாங்கள் கிடுகுக் கொட்டிலில் படித்து ஆளாகவில்லையா?" என்று மூத்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கிடுகு குளிர்ச்சி. ஓலைக்கு இடையில் காற்று இருக்கிறது, ரெஜிபோம் செய்யும் வேலையை அது இலவசமாகச் செய்தது. களிமண் ஓடும் தகரத்தை விட எவ்வளவோ மேல். கிடுகை விட்டு ஓட்டுக்கும், ஓட்டை விட்டு சீற்றுக்கும் வந்தபோது மழை ஒழுக்கு நின்றது, செலவு குறைந்தது, ஆனால் குளிர்ச்சியையும் சேர்த்துத் தொலைத்தோம். அதைத் திருப்பி எடுக்கத்தான் கேட்கிறோம்.

ஆனால் கிடுகுக்கே திரும்புவோம் என்று யாரும் சொல்ல முடியாது. 2004 ஜூலை 16 இல் கும்பகோணத்தில் ஓலைக் கூரை பாடசாலை ஒன்று தீப்பிடித்து 94 பிள்ளைகள் இறந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட எந்த ஆசிரியரும் கூரையைப் பற்றிப் பேசும்போது தீயை மறக்க மாட்டார்.

இங்கேதான் நாங்கள் மிக அழுத்தமாகச் சொல்ல வேண்டிய விடயம் வருகிறது. ரெஜிபோமும் எரியும். வேகமாக எரியும், உருகிச் சொட்டும், கறுத்த நச்சுப் புகை விடும். 2017 ஜூன் 14 இல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 உயிர்கள் போயின. அது ரமழான் மாதம். ஸஹருக்காக விழித்திருந்த முஸ்லிம் குடும்பங்கள் கதவைத் தட்டி அயலவர்களை எழுப்பியது உலகமெல்லாம் பேசப்பட்டது. அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவரில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் நடுவுள்ள அலுமினியத் தகடே தீ பரவியதற்கு முதற் காரணம் என்று விசாரணையில் முடிவானது. அதற்குப் பின்னால் இருந்த நுரைப் பலகைகளும் தீக்குத் துணைபோயின. வீட்டைக் காக்கப் போட்ட பொருள், சரியாகப் போடாததால் கொன்றது.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இது: வெறும் ரெஜிபோமைப் பிள்ளைகளின் தலைக்கு மேலே திறந்தபடி விடவே கூடாது. கீழ்ப்பக்கம் ஜிப்சம் போர்ட் அல்லது சீமெந்துப் பலகை கொண்டு முழுமையாக மூட வேண்டும். அதற்குக் காசில்லை என்றால் வேலையைத் தொடங்காதீர்கள். அரைகுறை வேலையை விட வெயில் மேல்.

அரைகுறை வேலையை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஒரு பாடசாலையில் (பெயர் வேண்டாம், நோக்கம் யாரையும் குறை சொல்வதல்ல) நல்ல மனதுள்ள பெற்றோர் சிலர் சேர்ந்து மெல்லிய ரெஜிபோம் வாங்கி, தகரத்தின் அடியிலேயே பசை பூசி ஒட்டினார்கள். முதல் கிழமை எல்லோருக்கும் சந்தோசம், வகுப்பு குளிர்ந்தது. ஆனால் அந்தப் பசையில் இருந்த தின்னர் ரெஜிபோமையே கரைத்துத் தின்றது. கச்சான் அடித்ததும் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. மீதியை எலி கடித்தது. பிள்ளைகளின் தலையிலும் கொப்பியிலும் வெள்ளை மணிகள். சின்னப் பிள்ளைகள் பனி கொட்டுகிறது என்று கைதட்டினார்கள். நாங்கள் சிரித்தோம், பிறகு அதைக் கூட்டி அள்ள ஒரு மாதம் ஆனது. காற்றில் போனது வாவிக்குப் போயிருக்கும். 2017 செப்டம்பரில் நாட்டில் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியைத் தடை செய்தது இந்தக் குப்பைக்காகத்தான். பாடசாலையே அந்தக் குப்பையை வாவிக்கு அனுப்பினால், சுற்றாடல் பாடத்தை எந்த முகத்தோடு படிப்பிப்பது?

அதனால் செய்வதென்றால் ஒழுங்கு முறையாகச் செய்ய வேண்டும். எங்களுக்குத் தெரிந்த வரிசையைச் சொல்கிறோம். ஊரில் உள்ள ஓடாவிமாரும் மேசன்மாரும் திருத்தினால் சந்தோசமாக ஏற்றுக்கொள்வோம்.

முதலில் கூரையைத் திருத்துங்கள். ஒழுக்கு இருக்கும் கூரைக்குக் கீழே பலகை அடித்தால் மாரி மழையில் இறங்கும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் கைமரத்தை உக்க வைக்கும். ஆணிகளையும் கொழுக்கிகளையும் பாருங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். கூரை எப்படிப் பறந்தது என்று அவர்கள் சொல்வார்கள். நுரைப் பலகை கூரையைப் பிடித்து வைக்காது, அது வெறும் போர்வை.

இரண்டாவது, சீற்றின் மேற்பக்கத்துக்கு வெள்ளைப் பூச்சு. இது செலவு குறைந்த முதல் மருந்து. 2010 மே மாத வெப்பத்தில் பலர் இறந்த பிறகு, இந்தியாவின் அகமதாபாத் நகரம் 2013 இல் வெப்பத்துக்கென்றே ஒரு செயற்திட்டம் வகுத்தது. அங்கே ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசுவதும் பிறகு அதில் சேர்ந்தது. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். ஆனால் எங்கள் மாரியில் பாசியும் தூசும் படிந்து கறுக்கும். வருடம் ஒருமுறை கழுவ ஆள் வேண்டும். ஆகவே அது பலகைக்குத் துணை, பலகைக்குப் பதில் அல்ல.

மூன்றாவது, காற்று போக வழி. சீற்றுக்கும் பலகைக்கும் இடையில் ஒரு கைப்பிடி இடைவெளி விட்டு, கீழே இறவாணத்திலும் மேலே முகட்டிலும் திறந்து வையுங்கள். சூடான காற்று தானாக மேலே ஏறி வெளியே போகும். வெளவாலும் எலியும் போகாமல் அந்த வாய்க்கு நெருக்கமான கம்பி வலை அடியுங்கள். அலுமினியத் தாள் ஒட்டிய பலகை வாங்கினால் மினுங்கும் பக்கம் அந்த இடைவெளியைப் பார்க்க வேண்டும். சீற்றோடு ஒட்டிவிட்டால் மினுக்கம் வீண்.

நான்காவது, வயர். ரெஜிபோமோடு நேரடியாக உரசிக் கிடக்கும் மின்வயரின் பிளாஸ்டிக் உறை காலப்போக்கில் இறுகி வெடிக்கும். வெடித்த வயரும் எரியும் நுரையும் ஒரே இடத்தில் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. எல்லா வயரையும் குழாய்க்குள் போட்ட பிறகுதான் பலகை.

ஐந்தாவது, அஸ்பெஸ்டஸ். சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளிலும் பழைய பாடசாலைக் கட்டடங்களிலும் இந்தச் சீற் நிறைய இருக்கிறது. அதன் தூள் நுரையீரலுக்குப் போனால் புற்றுநோய் வரலாம் என்பது உலக சுகாதார ஸ்தாபனமே சொன்னது. அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசாங்கம் முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில் பெட்டிக்குள் வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா நமது தேயிலையை நிறுத்தியதும், அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டை அரசாங்கம் கைவிட்டது. நாட்டு வியாபாரம் அப்படி. நமது நுரையீரலை நாம்தான் பார்க்க வேண்டும். அந்தச் சீற்றில் துளை போடாதீர்கள், சுரண்டாதீர்கள், காய்ந்த தும்புத்தடியால் கூட்டாதீர்கள். பலகையைத் தாங்கும் சட்டத்தை மரத்தில் பொருத்துங்கள், சீற்றில் அல்ல. ஒழுங்காக மூடிய சீலிங் அந்தத் தூள் பிள்ளைகள் மீது விழுவதையும் தடுக்கும்.

இன்னொரு நன்மை, மாரியில் தகரத்தில் மழை அடிக்கும்போது ஆசிரியர் வாயசைப்பதுதான் தெரியும். பலகையும் ஜிப்சமும் சேர்ந்தால் அந்த இரைச்சலும் ஓரளவு குறையும்.

இதைச் சொன்னதும் ஒரு சகோதரர், "இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது" என்றார். உண்மைதான். கேட்கவும் வேண்டும். வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும், புதிய கட்டடம் கட்டும்போதே கூரைக் காப்பும் மதிப்பீட்டில் சேர வேண்டும் என்று கேட்க வேண்டும். ஆனால் அரசாங்கம் தராத வாயில் வளைவை நாம் கட்டுகிறோம். பெயர்ப்பலகை வைக்கிறோம். திறப்பு விழா வைத்து நாடா வெட்டுகிறோம். அதற்கு அரசாங்கத்தைக் காத்திருப்பதில்லை. கூரைக்கு மட்டும் ஏன் காத்திருக்கிறோம்? கூரைக்குள் இருக்கும் பலகையில் பெயர் எழுத முடியாது, படம் எடுத்தால் வெறும் வெள்ளைச் சீலிங்தான் தெரியும். இது யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை. நாங்களும் அந்த நாடா வெட்டும் படங்களில் பின்வரிசையில் நின்று சிரித்தவர்கள்தான்.

எங்கள் வேண்டுகோள் பெரிதல்ல. ஒரே ஒரு வகுப்பறையில் தொடங்குவோம். நூறடிக்கு இருபத்தைந்தடி கட்டடத்தில் ஐந்தில் ஒரு வகுப்பு என்றால் ஐந்நூறு சதுர அடி. எட்டடிக்கு நாலடிப் பலகை பதினாறு போதும், சரிவோடு அடித்தால் ஒன்றிரண்டு கூடும். அதே அளவு ஜிப்சம் போர்ட், சட்டத்துக்கான மரம், வயர்க் குழாய், ஓடாவி கூலி. அதிபரின் அனுமதியும் வலயத்தின் எழுத்து மூல அனுமதியும் எடுத்து, விடுமுறையில் வேலையை முடிப்போம். வெட்டி மீதமாகும் துண்டுகளை அன்றன்றே சாக்கில் கட்டுவோம்.

பிறகு பிள்ளைகளே பரிசோதிக்கட்டும். பலகை போட்ட வகுப்பிலும் பக்கத்துப் போடாத வகுப்பிலும் விஞ்ஞான ஆய்வுகூடத்து வெப்பமானியைத் தொங்கவிட்டு, எட்டு மணிக்கும், பத்து மணிக்கும், பன்னிரண்டு மணிக்கும் இரண்டு கிழமை குறித்து வரைபு கீறட்டும். அந்த வரைபைப் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டுவோம். வித்தியாசம் இல்லை என்றால் நாங்கள் இதே இடத்தில் வந்து பிழை எங்களுடையது என்று எழுதுவோம். வித்தியாசம் இருந்தால், ஒரு குடும்பம் ஒரு பலகை என்ற கணக்கில் அடுத்த வகுப்பு, அதற்கடுத்த வகுப்பு.

வீடு கட்டுகிற உறவுகளுக்கும் ஒரு சொல். சீற் அடிக்கும்போதே இந்த இடைவெளிக்கும் பலகைக்கும் இடம் வைத்துவிடுங்கள். பிறகு அடிப்பது இரட்டை வேலை. பகலில் வீட்டில் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையும், கட்டிலை விட்டு எழும்ப முடியாத மூத்தம்மாவும்தான் உங்கள் கூரையின் சூட்டை முழுதாக வாங்குகிறவர்கள். இரவில் யன்னலைத் திறந்து வையுங்கள். மூடிய வீட்டில் பலகை உள்ளே உள்ள சூட்டையும் பிடித்து வைக்கும்.

மரம் நடுவதையும் கைவிடச் சொல்லவில்லை. வேம்பும் நடுவோம். ஆனால் இன்று நடும் வேம்பு நிழல் தரும்போது இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை சாதாரண தரம் எழுதி முடித்திருக்கும்.

ஸதகதுல் ஜாரியா என்றால் கிணறும் பள்ளிவாசலும்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஒரு பிள்ளை பன்னிரண்டரை மணிக்கு வியர்க்காமல் உட்கார்ந்து ஒரு கணக்கைச் செய்து முடித்தால், அந்த நிழலும் அதில் சேரும் என்றே நாங்கள் நம்புகிறோம். யாருடைய பெயரும் எழுதாத நிழல்.

அடுத்த கூட்டம் நடக்கும்போது இதை ஒரு விடயமாக நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் அந்தக் கூட்டத்தைப் பகல் பன்னிரண்டு மணிக்கு, அந்தத் தகர வகுப்பிலேயே வைக்கச் சொல்லுங்கள். நீண்ட விளக்கம் தேவைப்படாது.

கருத்துகளையும் திருத்தங்களையும் எழுதுங்கள். அல்லாஹ் நம் நல்ல முயற்சிகளைப் பொருந்திக்கொள்வானாக. ஆமீன்.